சிஸ்டம் நின்றபின் லாகைத் தேடிப் பயனில்லை

தருமபுரியிலிருந்து தொப்பூர் போகும் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கல்லூரி. கம்ப்யூட்டர் லேபில் 42 சிஸ்டம். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் வகுப்பு தொடங்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் பென்டிரைவ் செருகி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தட்டிக்கொண்டிருந்தால் மூன்று நாள் போய்விடும். அதனால் நெட்வொர்க் வழியாகத் தானாகவே நிறுவிக்கொள்ளும்படி ஒரு சர்வரில் ஏற்பாடு செய்தேன். சாயங்காலம் நானும் லேப் அசிஸ்டென்டும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, எஃப்12 அழுத்தி எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன்.

“சார், முப்பத்தேழு வந்துருச்சு. அஞ்சு மட்டும் செவப்பு ஸ்கிரீன்ல நின்னுருந்துச்சு. நம்பர் எழுதி வெச்சிருக்கேன். ஏழு, பன்னெண்டு, பத்தொம்போது, முப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு.”

“ஸ்கிரீன்ல என்ன போட்டிருந்துச்சு அக்கா?”

“மிரர்னு என்னமோ இருந்துச்சு சார். முழுசாப் படிக்கறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு. யுபிஎஸ்ஸும் தாங்கல. இப்ப எல்லாமே ஆஃப்.”

அக்கா மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. எண்களையாவது குறித்து வைத்தாரே. தவறு என் ஏற்பாட்டில்தான் இருந்தது. ஐந்து சிஸ்டம் ஏன் நின்றது என்று சொல்ல வேண்டிய வரிகள் அந்தந்தச் சிஸ்டத்தின் ரேமுக்குள் மட்டுமே இருந்தன. கரண்டோடு அவையும் போயின.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பல வருடம் லினக்ஸ் போட்டுப் பழகியவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. நாம் நிறுவப்போகும் ஓஎஸ் டிஸ்கில் உட்காரும் முன், அதை நிறுவும் வேலையைச் செய்வதற்கென்றே ஒரு குட்டி லினக்ஸ் ஓடுகிறது. அதுதான் நிறுவி. நெட்வொர்க் வழியாக பூட் ஆகும்போது, டிஎச்சிபி சர்வர் ஒரு ஐபி முகவரியைக் கொடுத்து, எந்தக் கோப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. லினக்ஸின் கருவான கெர்னலும், இனிட்ஆர்டி என்ற சிறு கோப்பு முறைமையும் பெரும்பாலும் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக இறங்கி ரேமில் விரிகின்றன. அந்த நிமிடத்தில் டிஸ்க் இன்னும் தொடப்படவே இல்லை. நடப்பதையெல்லாம் வரி வரியாகக் குறித்து நிறுவி எழுதும் லாக் கோப்புக்கு வழக்கமான பெயரும் வழக்கமான அடைவும் இருக்கும், ஆனால் அந்த அடைவே ரேமில்தான் இருக்கிறது. டிஸ்கைப் பிரித்து, ஃபார்மேட் அடித்து, அடிப்படைப் பொதிகளை இறக்கி, பூட்லோடரும் போட்டு முடித்து, ரீபூட்டுக்குச் சற்று முன்னால்தான் நிறுவி தன் லாகை டிஸ்குக்கு நகல் எடுக்கிறது. டெபியனில் அது லாக் அடைவுக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற பெயரில் போய்ச் சேரும். ஃபெடோரா, ரெட்ஹாட் வகைகளில் நிறுவியின் பெயர் அனகோண்டா. அது ஓடும்போது தற்காலிக அடைவில் பொதிகளுக்கு ஒன்று, டிஸ்க் வேலைகளுக்கு ஒன்று என்று தனித்தனி லாக் எழுதிக்கொண்டே போய், கடைசியில் ‘அனகோண்டா’ என்ற அடைவுக்குள் எல்லாவற்றையும் வைக்கும்.

ஆக, நல்லபடியாக முடிந்த நிறுவலின் லாக் பத்திரமாக டிஸ்கில் இருக்கும். அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பாதியில் நின்றதன் லாக்தான் நமக்கு வேண்டும். அதுதான் முதலில் காணாமல் போகும். முன்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. டெபியன் நிறுவியில் ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தினால் லாக் ஓடுவது தெரியும், எஃப்2-வில் ஒரு ஷெல்லும் கிடைக்கும். ஆனால் ஆள் உட்காரத் தேவையில்லை என்பதற்காகத்தானே தானியங்கி நிறுவலையே வைத்தோம்?

இதற்கான வழி புதிதல்ல. சிஸ்லாக் என்ற முறை 1980-களில் பிறந்தது. பெர்க்லியில் எரிக் ஆல்மன், செண்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்காக அதை எழுதினார். ஒரு நிரல் தான் சொல்ல வேண்டியதை ஒரு வரியாகச் சொல்லும். அதைக் கோப்பில் எழுதுவதா, திரையில் காட்டுவதா, வேறொரு கணினிக்கு அனுப்புவதா என்று வேறொருவர் தீர்மானிப்பார். இந்த எளிய பிரிவினை எல்லா யுனிக்ஸ் வகைகளுக்கும் பரவியது. எல்லாரும் அவரவர் போக்கில் பயன்படுத்திக்கொண்டிருந்த பழக்கத்தை 2001-இல் ஆர்எஃப்சி 3164 என்ற ஆவணம் எழுத்தில் பதிவு செய்தது. முறையான தரமாக ஆர்எஃப்சி 5424 வந்தது 2009-இல். நடைமுறையில் நிறுவிகள் அனுப்புவது இன்றும் பெரும்பாலும் அந்தப் பழைய பாணி வரிதான்.

அந்த வரியின் அமைப்பைத் தெரிந்துகொள்வது பின்னால் உதவும். தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் ஒரு எண். எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்பதற்கு 0 முதல் 23 வரை ஒரு எண், எவ்வளவு கடுமையானது என்பதற்கு 0 முதல் 7 வரை ஓர் எண். முன்னதை எட்டால் பெருக்கிப் பின்னதைக் கூட்டினால் அது. 30 என்று இருந்தால் 3-ஆம் பிரிவான பின்னணிச் சேவையிலிருந்து வந்த சாதாரணத் தகவல். 27 என்றால் அதே பிரிவிலிருந்து வந்த பிழை. எண் குறையக் குறைய நிலைமை மோசம். எண்ணுக்குப் பிறகு தேதியும் நேரமும், அப்புறம் சிஸ்டத்தின் பெயர், எழுதிய நிரலின் பெயர், கடைசியில் செய்தி. தேதி என்றால் மாதமும் நாளும் மட்டும்தான். பழைய பாணியில் வருடம் கிடையாது. எந்த நாட்டு நேரம் என்பதும் கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிறையவே பார்க்கலாம். எழுத்துள்ள பழைய கல் ஒன்றைப் படித்தால், எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது முதலில் வரும். பிறகு ஊர், யாருடைய ஆள், ஆநிரை கவர வந்தபோது என்ன நடந்தது, கடைசியில் ‘பட்டான்’ என்ற ஒரு சொல். நேரம், இடம், பெயர், நிகழ்வு. அந்த அரசன் எந்த நூற்றாண்டில் ஆண்டான் என்று தெரிந்தால்தான் ‘எத்தனையாவது யாண்டு’ என்பதற்குப் பொருள் உண்டு; சிஸ்லாக் வரியின் வருடமில்லாத தேதியும் அப்படித்தான். இன்னொன்றையும் நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கல்லை விழுந்தவன் நடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஊர் நட்டது. விழப்போகும் சிஸ்டத்தின் கதையையும் விழாத வேறொன்றுதான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எப்படிச் செய்வது?

டெபியன் நிறுவிக்கு இதற்கென்றே ஒரு பூட் அளவுரு இருக்கிறது: லாக் ஹோஸ்ட். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு, பிறகு சமக்குறி, பிறகு சர்வரின் ஐபி முகவரி. துணைக்கு லாக் போர்ட் என்று ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் சிஸ்லாக்கின் வழக்கமான 514-ஐ எடுத்துக்கொள்ளும். இதைக் கொடுத்துவிட்டால் நிறுவி தன் வரிகளை ரேமில் எழுதுவதோடு நிற்காமல் சர்வருக்கும் அனுப்பும். அனகோண்டாவில் இதற்கு ‘இன்ஸ்ட்’ என்று தொடங்கி, புள்ளி வைத்து, ‘சிஸ்லாக்’ என்று முடியும் அளவுரு. முகவரியும், வேண்டுமானால் போர்ட்டும் அதிலேயே சேர்த்து எழுதலாம்.

எங்கே எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தானியங்கி நிறுவலுக்கு, நிறுவி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடையை முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பதில் கோப்பு வேண்டும். டெபியனில் அது ப்ரீசீட், ரெட்ஹாட் வகையில் கிக்ஸ்டார்ட், உபுண்டு சர்வரில் ஆட்டோஇன்ஸ்டால். கிக்ஸ்டார்ட் கோப்பிலும் ‘லாகிங்’ என்று ஒரு கட்டளை உண்டு. எல்லா அமைப்பும் ஒரே கோப்பில் இருந்தால் அழகாக இருக்குமே என்று லாக் சர்வர் முகவரியையும் அங்கேயே எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்பே நெட்வொர்க்கில் இறங்கி வர வேண்டிய பொருள். முகவரியில் ஓர் எழுத்துப் பிழை, வெப் சர்வரில் அனுமதிச் சிக்கல், கோப்பின் நடுவில் ஒரு தவறான வரி, இவற்றில் எது நடந்தாலும் கோப்பு படிக்கப்படாது. படிக்கப்படாத கோப்புக்குள் லாகை எங்கே அனுப்ப வேண்டும் என்ற முகவரி இருந்து என்ன பயன்? ஆகவே இதை கெர்னலுக்குப் பக்கத்தில், பூட் மெனுவில் இருக்கும் அந்த ஒரே நீண்ட வரியில் எழுதுங்கள். கெர்னல் எழுந்த கணத்திலேயே அது தெரிந்துவிடும்.

வாங்கும் பக்கத்துக்கு ஆர்சிஸ்லாக் போதும். ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2004-இல் தொடங்கிய மென்பொருள். பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் களஞ்சியத்தில் கிடைக்கும். அதன் அமைப்புக் கோப்பில் வெளியிலிருந்து வருவதை வாங்கும் இரண்டு வரிகள் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதப்பட்டு, முன்னால் ஒரு கட்டக்குறியோடு (#) தூங்கிக்கொண்டிருக்கும். கட்டக்குறியை எடுத்துவிட்டு, ஃபயர்வாலில் போர்ட்டைத் திறந்துவிட்டு, சேவையை மறுதொடக்கம் செய்தால் முடிந்தது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. டெபியன் நிறுவிக்குள் இருப்பது பிசிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பின் குட்டி சிஸ்லாக். அது யுடிபி என்ற நெட்வொர்க் முறையில் அனுப்பும். அனகோண்டாவோ டிசிபி என்ற இன்னொரு முறையில் அனுப்புகிறது. போர்ட் எண் இரண்டுக்கும் 514 என்றாலும் வாசல் வேறு. யுடிபி வாசலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஃபெடோராவின் லாகுக்குக் காத்திருந்தால் ஒரு வரியும் வராது, பிழையும் காட்டாது. இரண்டையும் திறந்து வைப்பதே உத்தமம். நிறுவலைத் தொடங்கும் முன் வேறொரு சிஸ்டத்திலிருந்து ‘லாகர்’ கட்டளையால் யுடிபி-யில் ஒரு வரி, டிசிபி-யில் ஒரு வரி அனுப்பிப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் 42 சிஸ்டத்தைக் கிளப்பக் கூடாது.

அடுத்தது, வந்த வரி யாருடையது என்பது. நிறுவல் நடக்கும் நேரத்தில் சிஸ்டத்துக்கு இன்னும் பெயர் வைக்கப்பட்டிருக்காது. சில வரிகளில் பெயரே இருக்காது, மற்றவற்றில் எல்லாருக்கும் ஒரே பெயர் இருக்கும். 42 சிஸ்டத்தின் வரிகளும் ஒரே கோப்பில் கலந்து கொட்டினால், புளி மண்டியில் எந்த மூட்டை எந்த ஊருடையது என்று தெரியாமல் நிற்பது போலத்தான். ஆர்சிஸ்லாக்கில் வரியை அனுப்பிய ஐபி முகவரியைக் கோப்பின் பெயராக வைக்கும்படி வார்ப்புரு எழுதலாம். அத்தோடு டிஎச்சிபி சர்வரில் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் மேக் முகவரிக்கும் ஒரு நிலையான ஐபி ஒதுக்கிவிட வேண்டும். நான் கடைசி எண்ணை இருக்கை எண்ணோடு பொருந்தும்படி வைத்தேன். 7-ஆம் இருக்கைக்கு 107, 38-ஆம் இருக்கைக்கு 138. அக்கா நோட்டில் எழுதிய எண்ணும் கோப்பின் பெயரும் அப்போதுதான் ஒன்றோடொன்று பேசும். 42 மேக் முகவரிகளையும் ஒருமுறை உட்கார்ந்து பட்டியல் எடுக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரே தடவை.

இதையெல்லாம் முடித்து, இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த ஐந்து சிஸ்டத்தை மட்டும் மறுபடி கிளப்பினோம். சர்வர் துறைத் தலைவர் அறையில் தனி யுபிஎஸ்ஸில் இருக்கிறது. லேபுக்கு வெளி இணையம் இல்லை, சர்வருக்கு மட்டும் உண்டு. பொதிகள் எல்லாம் சர்வரில் இருக்கும் உள்ளூர் மிரரிலிருந்து, அதாவது டெபியன் களஞ்சியத்தின் நகலிலிருந்து போகும். பத்து நிமிடத்தில் ஐந்தும் அதே சிவப்புத் திரையில் நின்றன. உடனே சர்வரில் அன்றைய தேதி அடைவைத் திறந்தேன். சோதனை வரிகளைத் தவிர ஒன்றுமில்லை.

முதலில் ஃபயர்வாலைச் சந்தேகித்தேன். சோதனை வரி வந்திருந்ததே என்று மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் மேல் அடைவில் புதிதாக ஒன்று முளைத்திருப்பது கண்ணில் பட்டது. ஜனவரி 1. உள்ளே ஐந்து கோப்பு: 107, 112, 119, 131, 138.

ஜூன் மாதத்தில் ஜனவரி 1 எப்படி வரும்? வரிகளைத் தேதிவாரியாக அடைவு பிரித்து வைக்கும்படி வார்ப்புருவில் எழுதியிருந்தேன். அந்தத் தேதியை எடுக்க, வரியை அனுப்பியவர் சொல்லும் நேரத்தைப் பயன்படுத்தியிருந்தேன். ஆர்சிஸ்லாக் இரண்டு நேரங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது: அனுப்பியவர் சொன்ன நேரம், வாங்கியவர் கடிகாரத்தில் வரி வந்து சேர்ந்த நேரம். அந்த ஐந்து சிஸ்டமும் இன்றைக்கு ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம் என்று நம்பிக்கொண்டிருந்தன.

107-ஐத் திறந்து கீழிருந்து மேலே படித்தேன். லாகைப் படிக்கும்போது கடைசி வரியில் தொடங்கி மேலே போவது நல்ல பழக்கம். கடைசியில் கோப்பு இறக்க முடியவில்லை என்ற புலம்பல். சிவப்புத் திரையில் அக்கா பார்த்த மிரர் சங்கதி அதுதான். அதற்கு நாலைந்து வரி மேலே, நெட்-ரிட்ரீவர் என்ற துண்டு எழுதியது: மிரரின் ரிலீஸ் கோப்பில் இருக்கும் கையொப்பத்தை ஜிபிஜிவி என்ற நிரல் சோதிக்கிறது, கையொப்பமிட்ட சாவி எதிர்காலத்தில் இத்தனை வினாடிகள் கழித்து உருவாக்கப்பட்டிருக்கிறது, காலம் முறுக்கிக்கொண்டதோ கடிகாரக் கோளாறோ என்று சொல்கிறது. இத்தனை வினாடிகள் என்ற இடத்தில் ஒன்பது இலக்க எண். ஆண்டுக்கணக்கில் மாற்றிப் பார்த்தால் பத்து வருடத்துக்கும் மேல். மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் தன் பிறந்த வருடத்துக்கே திரும்பிப் போயிருந்தது.

காரணம் மதர்போர்டில் இருக்கும் பொட்டு போன்ற சிஆர்2032 செல். சிஸ்டம் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது அந்த 3 வோல்ட் செல்தான். பிளக் செருகி மெயின் ஆனில் இருந்தால், சிஸ்டம் ஆஃப் ஆனாலும் மின்வழங்கியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். செல்லுக்கு வேலை குறைவு. எங்கள் லேபில் கோடை விடுமுறைக்குப் பூட்டும்போது இடி மின்னலுக்குப் பயந்து மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள். அது சரியான செயல்தான். ஆனால் அந்த ஒரு மாதம் முழுவதும் எல்லாச் சுமையும் செல்லின் மேல் விழுகிறது. வயதான செல்கள் தாங்காது.

மணி தவறாக இருந்தால் இணையத்தில் இருக்கும், சரியான மணி சொல்லும் என்டிபி சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். டெபியன் நிறுவிக்கு அந்தத் திறமை உண்டு, லேபுக்குள்ளேயே ஒரு என்டிபி சர்வரும் வைக்கலாம். ஆனாலும் இந்த இடத்தில் அது கைகொடுத்திருக்காது. நெட்வொர்க் வழி நிறுவலில், ரேமில் முதலில் இறங்குவது நிறுவியின் எலும்புக்கூடு மட்டும். மணியைத் திருத்தும் துண்டு உட்பட மற்றவையெல்லாம் மிரரிலிருந்து இறங்கி வர வேண்டும். மணி தவறாக இருப்பதால் மிரரின் கையொப்பம் செல்லாது. கையொப்பம் செல்லாததால் மணியைத் திருத்தும் துண்டு வராது. ப்ரீசீட்டில் ‘எர்லி கமாண்ட்’ என்ற இடத்தில் தேதியை நாமே அமைக்கலாம், அது இந்தக் கட்டத்துக்கு முன்பே ஓடிவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. செல் செத்த சிஸ்டத்துக்குச் செல்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த கோடையில் வேறொரு வேஷத்தில் வரும்.

சிவப்புத் திரையை மட்டும் நம்பியிருந்தால் நான் மிரரைத்தான் நோண்டிக்கொண்டிருப்பேன். திரை சொல்வது விளைவு. காரணம் அதற்கு முந்தைய வரிகளில் இருக்கும். அந்த முந்தைய வரிகளுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நிறுவி தோற்றபோது லாகைத் திரட்டி அனுப்பும் வசதிகளும் இருக்கின்றன. கிக்ஸ்டார்ட்டில் ‘ஆன்எரர்’ என்று ஒரு பகுதி எழுதலாம். அனகோண்டா மீள முடியாத பிழையில் விழுந்தால் அதில் உள்ள கட்டளைகள் ஓடும். உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டாலில் ‘எரர் கமாண்ட்ஸ்’ அதே வேலைக்கு. அங்கே ‘ரிப்போர்ட்டிங்’ என்று இன்னொன்றும் உண்டு: எந்தக் கட்டம் தொடங்கியது, எது முடிந்தது என்ற நிகழ்வுகளை ஆர்சிஸ்லாக்குக்கோ ஒரு வெப் முகவரிக்கோ அனுப்பும். நூறு சிஸ்டம் நிறுவும் இடத்தில் ஒரு பலகையில் யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று காட்ட அது அருமையானது. ஆனால் தோற்றபின் ஓடும் கட்டளை எதுவானாலும், தோற்றபின் ஓடுவதற்கு உயிர் இருக்க வேண்டும். கெர்னல் பேனிக் ஆகி அப்படியே நின்றுபோனால் ஓடாது. கரண்ட் போனால் ஓடாது. நெட்வொர்க் கேபிளே பிரச்சினை என்றால் ஓடியும் பயனில்லை. எங்கள் பக்கம் இருக்கும் மின்வெட்டை வைத்துப் பார்த்தால், வரி எழுதப்பட்ட அதே கணத்தில் வெளியே போய்விடும் ஏற்பாட்டைத்தான் முதலில் செய்வேன். தோற்றபின் திரட்டுவதை அதற்குத் துணையாக வைப்பேன்.

அந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. நெட்வொர்க் எழும் முன் நடப்பது அந்தக் கணத்தில் வெளியே வர முடியாது. புதிய நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர் நிறுவியின் கெர்னலில் இல்லையென்றால், சர்வரில் அந்த ஐபி பெயரில் கோப்பே பிறக்காது. அந்த இல்லாமையும் ஒரு தகவல்தான்: டிஎச்சிபி சர்வரின் லாகையும் அதே இடத்தில் சேர்த்து வைத்தால், பூட் ஆகும்போது ஐபி வாங்கிய சிஸ்டம் நிறுவி தொடங்கியபின் இரண்டாவது முறை வாங்கவில்லை என்பது தெரியும். கெர்னலே விழும் ரகத்துக்கு நெட்கன்சோல் என்ற கெர்னல் வசதி இருக்கிறது. கெர்னல் செய்திகளை எந்த நிரலின் துணையுமில்லாமல் நேரே யுடிபி-யில் வீசும், வழக்கமாக 6666-ஆம் போர்ட்டுக்கு. ரேக் சர்வர்கள் வைத்திருப்பவர்களுக்கு சீரியல் கன்சோல் இன்னும் நம்பகமானது. கல்லூரி லேப் கணினிகளில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

யுடிபி-யில் வரி தொலைந்து போகலாம் என்பதும் உண்மை. போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே ஸ்விட்சுக்குள் இருக்கும் லேபில் எனக்கு இது பெரிய தொந்தரவாக இருந்ததில்லை. வேறு கட்டடத்துக்கோ வேறு ஊருக்கோ அனுப்புவதென்றால், லேபிலேயே ஒரு வாங்கியை வைத்து, அங்கிருந்து டிசிபி-யில் முன்னனுப்புவது நல்லது.

ரகசியம் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிஸ்லாக் வரி போகும் வழியெல்லாம் திறந்த எழுத்தாகவே போகிறது. டிஎல்எஸ் பூட்டு போட்டு 6514-ஆம் போர்ட்டில் அனுப்பும் முறை உண்டு என்றாலும், நிறுவி அனுப்பும் சாதாரண வரிகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது. நிறுவலின் கடைசியில் ஓடும் ஸ்கிரிப்டில், ஒவ்வொரு கட்டளையையும் ஓடும் முன் அச்சிடும்படி அமைத்து, அந்த வெளியீட்டை லாகுக்குத் திருப்பிவிட்டால், உள்ளே எழுதியிருக்கும் கடவுச்சொல் அப்படியே லாகில் விழுந்து, நெட்வொர்க்கில் போய், சர்வரில் பல மாதம் படுத்திருக்கும். டெபியனில் விரிவான பிழைதேடல் நிலையை இயக்கிவிட்டு அணைக்க மறந்தாலும் கேள்வி பதில்கள் வரிகளாக வெளிவரலாம். பதில் கோப்புகளில் கடவுச்சொல்லை ஹாஷ் வடிவில் மட்டுமே எழுதுங்கள். வாங்கும் சர்வர் லேபின் ஐபி வரம்பிலிருந்து வருவதை மட்டும் ஏற்கட்டும். லாக் அடைவை மாணவர் கணக்குகளால் படிக்க முடியாதபடி வையுங்கள். நிறுவலுக்கென்று தனி விலான், அதாவது ஸ்விட்சுக்குள்ளேயே ஒரு தனி நெட்வொர்க், பிரிக்க முடிந்தால் இன்னும் நிம்மதி.

எங்கள் லேபில் டெபியன் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சிடாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இந்த மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து வந்த பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான். அவர்களில் சிலர் பிறகு பெங்களூருவுக்கும் ஓசூருக்கும் சிஸ்டம் வேலைக்குப் போனார்கள். அங்கே ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் சர்வர் நிறுவும் இடத்தில் நிற்கும்போது, லாக் எங்கே பிறக்கிறது, எங்கே சாகிறது என்று தெரிந்தவர்களாகப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதனால் இப்போது செய்முறை வகுப்பிலேயே ஒரு சிஸ்டத்தின் பூட் வரியில் லாக் ஹோஸ்டைப் போட்டு, நடுவில் பிளக்கைப் பிடுங்கிக் காட்டுகிறேன். பிளக் பிடுங்கியபின்னும் சர்வரில் கடைசி வரி நிற்பதைப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாட்ச் கடையில் ஐந்து செல் வாங்கிப் போட்டோம். பயாஸில் தேதியைத் திருத்தினோம். வார்ப்புருவையும் வாங்கியவர் நேரத்துக்கு மாற்றினேன். அனுப்பியவர் சொன்ன நேரத்தை வரிக்குள்ளேயே பக்கத்தில் எழுதிக்கொள்ளும்படி விட்டுவைத்தேன், ஏனென்றால் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் செத்த செல்லைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தையும் மறுபடி கிளப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரவு பத்தரைக்கு வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். நான்கு கோப்புகள் ரீபூட் ஆகிறது என்ற வரியோடு முடிந்திருந்தன. 138 மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தது. இந்த முறை தேதி சரி, கையொப்பம் சரி. பொதிகளை விரிக்கும் இடத்தில் டிஸ்கின் ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை என்று கெர்னல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அக்கா போன் செய்து, “சார், முப்பத்தெட்டு மட்டும்…” என்று தொடங்கியபோது, புது டிஸ்க் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நான் கல்லூரிக்குக் கிளம்பியிருந்தேன்.